அன்னா மணிக்குக் கிடைக்காத முனைவர் பட்டம்
காலநிலை மாற்றம் போன்ற உலகளாவிய சவால்களை அறிவியலாளர்கள் விவாதித்ததைத் தொகுத்துள்ள, நான் படித்த ஒரு கட்டுரை, அறிவியல் பயிலும் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்தாலே ஆய்வுத்துறையில் சமத்துவம் தானாக வந்துவிடும் என்று கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் முதுகலை வகுப்பில் பாதிக்கு மேல் மாணவியர்தாம், எனினும் அவர்களில் ஆய்வுப் பணியில் நிலைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1940இல் பெங்களூருவில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்த இயற்பியலாளர் அன்னா மணி, வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலையை ஆராய்ந்து தனித்தே ஐந்து கட்டுரைகள் வெளியிட்ட பிறகும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவரது ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கேட்டுள்ளார். விதி பொதுவானதாகவே இருக்கட்டும். அந்த ஆய்வகத்தில் ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதை ராமன் விரும்பவில்லை என்பதையும், சக ஆய்வாளரோடு வாதிட்டுத் தெளியும் வாய்ப்பு, அறிவியலின் உயிர்நாடியான அந்த வாய்ப்பு, பெண்களுக்கு மட்டும் சுருங்கியது என்பதையும் அந்த வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் ஓசோனையும் சூரியக் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கச் செய்தவர் அன்னா மணி. அவர் தொகுத்த கதிர்வீச்சுத் தரவுகள் நம் நாட்டின் சூரிய ஆற்றல் திட்டங்களுக்கு அடித்தளமாயின. பட்டம் பெறாத அந்த ஆய்வேடு, பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.