உம்மாவுக்குப் புரிந்த விண்வெளிப் படம்

நண்பர் ஒருவர் போன வாரம் வாட்ஸப்பில் எழுதியிருந்தார்: "விண்வெளி, வேற்றுக்கிரகம், டைம் மிஷின் எல்லாம் அமெரிக்காக்காரனுக்கான படம். நம்ம ஊர்ச் சனத்துக்கு அது ஒட்டாது." அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல மனிதர், நிறையப் படம் பார்க்கிறவர். ஆனால் அவர் சொன்னது தவறு என்று முழுசாக நம்புகிறேன். போன சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

எனக்கு வேலை ராமநாதபுரத்தில். சனிக்கிழமை அரை நாள்தான். மூன்று மணிக்குள் கீழக்கரை வந்துவிடுவேன். அப்போதிலிருந்து ஞாயிறு இரவு வரை டிவி என் கையில். இருபது வருஷமாக எனக்கு விண்வெளிப் படப் பைத்தியம். தனியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக அப்படி இல்லை. ராத்தாவின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், அவன் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மாமா உட்கார்ந்தார். இஷா தொழுதுவிட்டு, இடியாப்பமும் கணவாய் ஆணமும் எடுத்துக்கொண்டு உம்மாவும் வந்துவிடுகிறார்.

சனிக்கிழமை ராத்திரி இன்டர்ஸ்டெல்லர் போட்டேன். 2014-இல் வந்த படம். நான் ஆறாவதோ ஏழாவதோ தடவை பார்க்கிறேன், உம்மாவுக்கு முதல் தடவை. ஆங்கிலத்தில்தான் ஓடியது. நான் நடுவில் நடுவில் நிறுத்தி உம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூமியில் பயிர் எல்லாம் சாகிறது, குடியிருக்க வேறு கிரகம் தேடிப் போகிறார்கள், போகிறவருக்கு ஒரு மகன், ஒரு மகள். இதுவரைக்கும் உம்மா பேசவே இல்லை.

அப்புறம் அந்தத் தண்ணீர்க் கிரகம் வந்தது. பக்கத்தில் பயங்கர ஈர்ப்புள்ள பெரிய கருந்துளை இருப்பதால் அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு வருஷம் ஓடிவிடும். இதை எப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தயக்கம். சொன்னேன். உம்மா கேட்டுக்கொண்டார். திரும்பிக் கப்பலுக்கு வருகிறார்கள், 23 வருஷம் போய்விட்டது. பிள்ளைகள் அனுப்பிய செய்திகள் வரிசையாக ஓடுகின்றன. மகன் பெரியவனாகிறான், கல்யாணம் முடிக்கிறான், குழந்தை பெறுகிறான். அப்பா திரை முன்னால் உட்கார்ந்து அழுகிறார்.

உம்மா சொன்னார்: "இது நம்ம கேசட்டுல்லா."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. கீழக்கரையில் என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள், வீட்டுக்கு வீடு கேசட் இருந்தது. சவுதியிலிருந்தோ துபாயிலிருந்தோ வாப்பாமார் டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பதிலுக்கு இங்கேயிருந்து ஒரு கேசட் போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதில் பேசத் தெரிந்தது.

உம்மா சொன்ன கதை இது: "நீ நடக்க ஆரம்பிச்ச சமயம் அவுககிட்டருந்து ஒரு கேசட் வந்துச்சு. 'புள்ள தவழ ஆரம்பிச்சிட்டானா'ன்னு கேட்டிருந்தாக. நீ அந்த நேரம் வாசல் வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த. நான் பதில் பேசி அது போயி சேர்றதுக்குள்ள ஒனக்குப் பேச்சே வந்திருச்சு."

நடிகர் அழுவதை நான் ஆறு தடவை பார்த்தவன். அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விண்வெளிப் படத்தின் அடிப்படையே தொலைவுதான். ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் போனாலும் நிலாவுக்குச் செய்தி சேர ஒன்றேகால் நொடி பிடிக்கும். செவ்வாய்க்கு, அது இருக்கிற இடத்தைப் பொறுத்து, மூன்று நிமிஷத்திலிருந்து இருபத்திரண்டு நிமிஷம் வரை. நீ கேட்ட கேள்வி போய்ச் சேரும்போது அங்கே நிலைமை மாறியிருக்கும். பதில் வரும்போது நீ மாறியிருப்பாய். உம்மா நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே அதற்குள் வாழ்ந்து முடித்துவிட்டார். இவருக்கா ஒட்டாது?

மாமாவின் பிரச்சினை வேறு. நேரம் எப்படி ஓர் இடத்தில் மெதுவாகவும் இன்னோர் இடத்தில் வேகமாகவும் ஓடும், அது சும்மா கதைக்காகச் சொன்னது என்றார். ராத்தாவின் மகன், என் மருமகன், விடவில்லை. "ஒங்க ஜிபிஎஸ்ஸ எடுங்க" என்றான்.

மாமா சங்கு குளிப்பவர். வயசாகிவிட்டதால் இப்போது அதிகம் இறங்குவதில்லை. கடலுக்கடியில் எந்தெந்தப் பாரில், அதாவது பாறைத் திட்டில், சங்கு கிடக்கும் என்று ஒரு காலத்தில் கரையில் தெரியும் பள்ளிவாசல் மினாராவையும் பனைமரத்தையும் கணக்கு வைத்துக் கண்டுபிடித்தவர். பிறகு கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் வந்தது. பாரெல்லாம் அதில் பாயிண்டாகப் பதிந்து கிடக்கிறது. அது வேலை செய்வதே நேரத்தை வைத்துத்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கடிகாரம் அனுப்பும் நேரத்தை வைத்துத்தான் படகு எங்கே நிற்கிறது என்று அது கணக்குப் போடுகிறது. அங்கே ஈர்ப்பு குறைவு. அதனால் அந்தக் கடிகாரம் இங்கே இருப்பதைவிட ஒரு நாளைக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும். அது வேகமாகச் சுற்றுவதால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். கழித்தால் 38 மைக்ரோ விநாடி மிச்சம். ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தத் துளியூண்டைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிசகும். பாரைத் தேடிப் போகிறவர் எங்கேயோ போய் நிற்பார். பாக் நீரிணையில் எல்லைக் கோட்டுப் பக்கம் தொழில் பார்ப்பவர்களுக்கு 10 கிலோமீட்டர் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் கருந்துளைக்குப் பக்கத்தில் கடிகாரம் பிந்துவதும், மாமாவின் படகுக்கு மேலே கடிகாரம் முந்துவதும் ஒரே விதிதான். ஐன்ஸ்டீன் சொன்னது: ஈர்ப்பு கூடினால் நேரம் மெதுவாக ஓடும், குறைந்தால் வேகமாக ஓடும். படத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்த கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் 2017-இல் நோபல் பரிசு வாங்கியவர், போகிறபோக்கில் கதை விட்டவர் அல்ல. மாமா அந்த ஜிபிஎஸ்ஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதிப் படம் முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை.

நண்பர் சொன்னதில் இன்னொரு தவறும் இருக்கிறது. இந்தப் படங்கள் தூர தேசத்துச் சரக்கு என்கிறார். எங்கள் மாடியில் டிஷ் இருக்கிறது, அவர் மாடியிலும் இருக்கும். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் ஒரு செயற்கைக்கோளை வைத்தால் பூமி சுற்றுகிற வேகத்திலேயே அதுவும் சுற்றும். நமக்கு வானத்தில் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி வைத்தால் போதும். அந்த மாதிரி மூன்று இருந்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல், எந்தச் செயற்கைக்கோளும் வானத்துக்குப் போகாத காலத்தில், ஒரு வானொலிப் பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தின் திரைக்கதையை ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. அவர் 1956-இல் இலங்கைக்குக் குடிவந்தார். 2008-இல் கொழும்பில்தான் இறந்தார். வந்ததற்குக் காரணம் கடலில் முங்குகிற ஆசை. தண்ணீருக்கடியில் எடையில்லாமல் மிதப்பது விண்வெளியில் மிதப்பதற்கு மிகப் பக்கம் என்று நினைத்தவர்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சின்ன வயதில் மாடியில் ஆன்டெனாவைத் தெற்கும் கிழக்குமாகத் திருப்பி இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் படம் வந்துகொண்டிருந்த தீவிலேயே உலகத்தின் பெரிய அறிவியல் புனைவு எழுத்தாளர்களில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவரும் முங்கியது இதே இந்தியப் பெருங்கடலில். மாமாவையும் அவரையும் ஒரு தடவை சேர்த்து உட்கார வைத்திருக்க வேண்டும், நிறையப் பேசியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உம்மாவின் முறை. டிவியில் கலை அரசி போட்டிருந்தார்கள். எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து 1963-இல் வந்த படம். கலையில் பின்தங்கிய வேறொரு கிரகத்திலிருந்து ஆட்கள் வந்து, பாட்டுக் கற்றுத்தர ஒரு பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள். நம்பியார் வேற்றுக்கிரகத்து ஆள். மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது அப்போது. தகரமும் அட்டையுமாகத்தான் செட், அது எனக்குப் பொருட்டில்லை. ஆயுதத்துக்காகவோ தங்கத்துக்காகவோ வராமல் பாட்டுக்காக வந்த வேற்றுக்கிரகவாசியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம்ம சனத்துக்கு ஒட்டாத வகைப் படமென்றால் அறுபது வருஷத்துக்கு முன்னால் இதை யாருக்காக எடுத்தார்கள்?

அன்றைக்கு ராத்திரி அவதாரின் இரண்டாம் பாகம், தமிழில். இதைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சனிக்கிழமை நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமா திரையோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் வேற்று உலகத்துக் கடல் சனங்கள், காட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மூச்சடக்கப் பழக்கும் இடத்தில் "அப்படித்தான், வயித்துல வாங்கணும், நெஞ்சுல வாங்கக் கூடாது" என்றார். நடிகர்கள் நிஜமாகவே தொட்டியில் மூச்சடக்கி நடித்தார்கள், கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிஷத்துக்கு மேல் அடக்கினார் என்று சொன்னேன். "அசையாம கெடந்தா முடியும். சங்கு பொறுக்கிக்கிட்டு இருந்தா ஒரு நிமிசம், மிஞ்சினா ஒன்றரை" என்றார். இவ்வளவு ஆழம் போகிறார்கள், ஒருத்தர்கூட மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பு எடுக்கவில்லையே என்பது மட்டும் அவருக்குக் கடைசி வரை குறை. எந்த விமர்சனத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

ஆகவே குறை சனத்திடம் இல்லை, மொழிக்கு யாரும் மெனக்கெடாததில் இருக்கிறது. ஒரு தொடரின் தமிழ்க் குரலில் "பல ஒளியாண்டுகளுக்கு முன்னாடி" என்று ஒரு விஞ்ஞானி சொன்னதை என் காதால் கேட்டேன். ஒளியாண்டு காலம் அல்ல, தூரம். ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அந்த ஒரு சொல் பிசகியதும் கதையே பிசகிவிட்டது. இன்னொன்றில், விண்கலம் வெடிக்கப் போகிற நேரத்தில் சினிமா பஞ்ச் வசனம் பேசினார்கள். பார்க்கிறவனுக்கு அறிவியல் புரியாது, சிரிக்க வைத்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டு எழுதியது அது. எனக்கு அது அவமானமாக இருக்கிறது. கருந்துளை, ஈர்ப்பு, ஒளியாண்டு என்று பள்ளிப் புத்தகத்திலேயே அழகான சொற்கள் இருக்கின்றன. பொறியாளராக இருந்த சுஜாதா, வாரப் பத்திரிகையில் லட்சக்கணக்கான பேருக்குப் புரிகிற தமிழில் இயந்திர மனிதனைப் பற்றி எழுதிக் காட்டியிருக்கிறார். தமிழ்க் குரல் கொடுக்கச் செலவு அதிகம் என்றால் சரி, தமிழ் சப்டைட்டிலாவது போடுங்கள். அறிவியல் படித்த ஒருவரை உட்கார வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். உம்மா மாதிரி வாசிக்க நேரம் எடுப்பவர்களுக்குக் குரல்தான் வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

படம் முடிந்து மருமகன் இன்னொன்று சொன்னான். அவதார் நடக்கிற பண்டோரா, ஆல்ஃபா சென்டாரி விண்மீனைச் சேர்ந்த ஒரு கோளின் நிலா. சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்து விண்மீன் கூட்டம் அதுதான், நாலேகால் ஒளியாண்டுக்குக் கொஞ்சம் அதிகம். படம் எடுக்கும் ஹாலிவுட்டில் அது தொடுவானத்துக்கு மேலே வருவதே கிடையாது, அவ்வளவு தெற்கே இருக்கிறது. கீழக்கரையில் வரும். நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, மறைக்க ஒன்றும் இல்லை. மே மாதம் ராத்திரி பதினொரு மணிவாக்கில் கடலுக்கு மேலே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதில் கிழக்கே இருப்பது.

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மணி பதினொன்றேகால். நானும் மருமகனும் பின்னாலேயே போனோம். கரையில் நின்று மருமகன் கை நீட்டிக் காட்டுவதற்குள் மாமா சொன்னார், "இதா? இது நான் சின்னதுலருந்து பாக்குற மீனுல்ல."