தமிழைத் தின்றது குறுஞ்செய்தியா?

"பிள்ளைகளின் எழுத்தைக் கெடுத்தது குறுஞ்செய்தி, நம் வீடுகளில் தமிழ்ப்பேச்சு ஒழிந்ததும் அதனால்தான்" என்றொரு தகவல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

தென்னாப்பிரிக்காவில் செல்பேசிச் சேவை தொடங்கியதே 1994-இல்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் ஆயா தமிழில் கேட்பார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது, வேலைக்கும் அதுவே வேண்டியிருந்தது. 1860 முதல் கப்பலேறி வந்தவர்கள் கட்டிக்காத்த மொழி அப்படித்தான் நழுவியது. இந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. அதனாலேயே பழியைத் தவறான இடத்தில் போடக் கூடாது என்கிறேன்.

எழுத்துப்பிழை? இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்திச் சுருக்கங்களை அதிகம் எழுதியவர்கள் வாசிப்பில் பின்தங்கவில்லை, மேலாகவே இருந்தார்கள். ஒலியும் எழுத்தும் பிடிபட்டவருக்குத்தானே சுருக்க வரும்! நம் முன்னோரும் 'மேற்படி' என்பதை ௸ என்றும், 'வருடம்' என்பதை ௵ என்றும் சுருக்கியவர்களே.

ஒன்று மட்டும் உண்மை: ஆங்கில எழுத்தில் 160 இடம் தந்த குறுஞ்செய்தி, தமிழ் எழுத்துக்கு 70 இடமே தந்தது. வாட்ஸ்அப்பில் அந்தத் தடையும் இல்லை. ஆயாவுக்குத் தமிழிலேயே அனுப்பலாம்.