சிவப்பு டேக் எழுதியவன் பணத்தைப் பிடிக்காதீர்கள்

ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் டிரேடு முடித்துவிட்டு, ஓசூர் பக்கம் விமான பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். "பட்டன் அமுக்குற வேலைதானே" என்று சொந்தக்காரர்கள் கேட்பது பழகிவிட்டது. பழகாத ஒன்றைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

டைட்டானியத்தில் துளை போடுவது தனிப் பாடு. அலுமினியம் என்றால் சூடு சட்டென்று பரவிவிடும். டைட்டானியத்தில் அது டிரில் முனையிலேயே நிற்கும். சீவி வரும் உலோகச் சுருள், அதாவது சிப், துளைக்குள் அடைத்து, சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவம் உள்ளே போகாவிட்டால் முனை கருகிவிடும்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு நைட் ஷிஃப்ட். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் சத்தம் திடீரென்று கிறீச்சிட்டது. நிறுத்திக் கதவைத் திறந்தேன். வெள்ளியாக விழவேண்டிய சிப் சூடு மிஞ்சி நீலமாகக் கிடந்தது. டிரில்லின் ஓரம் பெயர்ந்திருந்தது. ஸ்டோரில் புது டிரில் இல்லை என்று, இத்தனை துளைதான் என்ற கணக்குக்கு மேலேயே ஓட்டச் சொன்ன டிரில் அது. துளையின் அளவு பார்க்கும் பிளக் கேஜைப் போட்டுப் பார்த்தேன். போகவேண்டிய 'கோ' முனை போனது, போகக்கூடாத 'நோ கோ' முனை போகவில்லை. அளவு சரி. பேசாமல் அடுத்த ஜாப்பை ஏற்றியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இந்த பீஸ் ஆகாது என்று சிவப்பு டேக் எழுதிக் கட்டினேன்.

ஏன் என்றால், 1996 ஜூலை 6. அமெரிக்காவின் பென்சகோலாவில் டெல்டா 1288 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, இடது என்ஜினின் விசிறி இறக்கைகளைப் பிடித்திருக்கும் நடுப்பாகமான ஹப் உடைந்து, துண்டுகள் கேபினுக்குள் பாய்ந்தன. இரண்டு பயணிகள் இறந்தார்கள். விசாரணையில் விரிசல் எங்கிருந்து தொடங்கியது என்று கண்டுபிடித்தார்கள். அந்த டைட்டானிய ஹப்பில் ஒரு துளையின் சுவர். துளை போட்ட அன்றே அந்த இடத்தில் உலோகத்தின் தன்மை மாறிப்போயிருந்தது. ஆய்வில் தேறி, வருஷக்கணக்கில் பறந்த பாகம் அது.

மறுநாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அந்த பீஸின் விலையைச் சொன்னார்கள். அந்த மாதம் என் இன்சென்டிவ் பிடிக்கப்பட்டது. டிரில்லை ஏன் கணக்குக்கு மேல் ஓட்டினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் போனதைக்கூட விடுங்கள். அடுத்த வாரம் டிரெய்னிப் பையன் ஒருத்தன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, கேஜ் ஓகேன்னா விட்டுடலாமாண்ணா?" எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ரூம் வாடகை கொடுத்து, வீட்டுக்கும் பணம் அனுப்புகிறவன்.

பாகத்தைத் தொட்டு அளக்கும் சி.எம்.எம். மெஷின் அளவைச் சொல்லும். துளை போடும்போது எவ்வளவு சூடானது என்று அதற்குத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் மெஷின் முன்னால் நின்ற ஒருத்தன் மட்டும்தான். அவன் வாயை அடைத்துவிட்டு அப்புறம் எத்தனை ஆடிட் நடத்தினாலும் என்ன பிரயோஜனம்? அலட்சியமாக வேலை செய்து திரும்பத் திரும்பக் கெடுப்பவனைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். தானாக வந்து சொல்பவனையும் அவனோடு சேர்த்து ஒரே ரிஜெக்‌ஷன் கணக்கில் எழுதாதீர்கள். ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையைப் பார்த்து இன்சென்டிவ் போடும் முறையே இந்தத் தொழிலுக்கு ஆகாது.

அந்தப் பையனிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தேன், எந்த நேரமானாலும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு என்று. போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணா, சத்தம் மாறுதுண்ணா. நிறுத்திட்டேன்." போய்ப் பார்த்தேன், சிப் நீலம். டேக்கில் அவன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். இந்த மாதச் சம்பளத்தில் இரண்டு பேருக்கும் இன்சென்டிவ் இல்லை.