காக்கியும் அம்மாவின் ரிமோட்டும்

மார்ச் 21, கடமையில் உயிர்விட்ட பொலிஸாரை இலங்கையில் நினைவுகூரும் நாள். ஒவ்வொரு வருடமும் அன்று இரவுச் செய்தியில் இந்தக் காட்சி வரும். பம்பலப்பிட்டி பொலிஸ் களப்படைத் தலைமையகம், மலர்வளையங்கள், வெள்ளைச் சேலையில் மனைவிமார், தாய்மார். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மா உடனே ரிமோட்டை எடுத்து சீரியலுக்கு மாற்றிவிடுவார். கோபமெல்லாம் இல்லை. காக்கியைக் கண்டால் அவருக்கு அடிவயிறு கலங்கும், அவ்வளவுதான்.

ஏன் என்று கொழும்புத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் வீட்டிலிருப்பவர்களின் பெயர்களை எழுதி பொலிஸில் பதிந்த தாளை அம்மா இன்னமும் காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் சோதனைச்சாவடியில் என்ன நடக்கும் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. இத்தனையும் பார்த்தவரிடம் போய் மலர் வைக்க வாருங்கள் என்றால் கால் எழும்புமா?

ஆனால் ஒரே ஒரு தடவை அம்மா சனலை மாற்றவில்லை. 2017 ஜூலை. நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியனின் காருக்கு அருகில் துப்பாக்கிச் சூடு. அவருடைய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர சூடுபட்டு, மறுநாள் உயிர் போனது. சிலாபத்துச் சிங்களவர். பல வருடங்களாக அந்தத் தமிழ் நீதிபதியின் நிழலாகவே திரிந்தவர். இறந்தவரின் மனைவியின் காலில் விழுந்து நீதிபதி அழுததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீதிபதி என்ற மிடுக்கு ஒரு துளியும் இல்லை, ஒரு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், பிள்ளைகள் சின்னனுகள் போல" என்றார். அவர் இறந்தது ஜூலை 23. 1983இன் கறுப்பு ஜூலையை, தமிழருக்கு எதிரான அந்தக் கலவரத்தை, நாங்கள் நினைக்கும் தேதி அது. அதே தேதியில் ஒரு பொலிஸ்காரருக்காக எங்கள் வீட்டில் கண்ணீர் வந்தது.

ஆள் யார், எப்படிச் செத்தார் என்று தெரிந்தால் சனம் அழும். பம்பலப்பிட்டி விழாவில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். எல்லோரும் சேர்ந்து ஒரு எண்ணிக்கையாகிவிடுகிறார்கள்.

அந்த நாளின் கதையையே பாருங்கள். 1864 மார்ச் 21, மாவனெல்லையில் உத்துவன்கந்தே சரதியேல் என்ற பேர்பெற்ற கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போன இடத்தில் சபான் என்ற மலாய் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று கணக்கில் இருப்பவர் அவர்தான். சரதியேலை அதே வருடம் கண்டியில் தூக்கில் போட்டார்கள். இன்று கண்டி வீதியில் போகிற பஸ்ஸில் எந்தச் சின்னப்பிள்ளையும் உத்துவன்கந்தே மலையைக் காட்டி சரதியேல் கதை சொல்லும். சபானை யாருக்குத் தெரியும்?

இல்லையென்றால் வவுணதீவு. 2018 நவம்பர் 30, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். பழி உடனே முன்னாள் புலிகள் மேல் விழுந்தது, ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த பிறகுதான், அதைச் செய்த கும்பலின் தலைவன் சஹ்ரானின் ஆட்கள் செய்த வேலை இது என்று வெளியே வந்தது. அந்த உயிர்த்த ஞாயிறன்றே தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போன மூன்று பொலிஸார் மாடிக்கு ஏறிய இடத்தில் குண்டு வெடித்துச் செத்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

"சித்திரவதை செய்தவனும் அந்தப் பட்டியலில் இருப்பானே மச்சான்" என்று நண்பன் கேட்டான். இருக்கலாம். அதனால்தான் எல்லோரையும் மொத்தமாகக் கும்பிடச் சொல்வது எனக்கும் பிடிக்கவில்லை.

சரி, நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. 1990 ஜூனில் கிழக்கில் மேலிடத்து உத்தரவுப்படி ஆயுதங்களைக் கையளித்துச் சரணடைந்த 600க்கும் மேற்பட்ட பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். பெரும்பாலும் சிங்களவர்களும் முஸ்லிம்களும். போரின் முடிவில் இறந்த எங்கள் சனத்துக்கு மே 18இல் விளக்கேற்ற விடவில்லை என்று வரிசையாகப் பதிவு போடும் நாங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும்தான், இன்றுதான் எழுதுகிறேன். அந்த உத்தரவைக் கொடுத்தது ஏன் என்று அரசாங்கமும் அந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மலர்வளையம் அதற்குப் பதிலாகாது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த மார்ச்சில் அந்த மேடையில் ஐந்து பேரின் கதையையாவது சொல்லட்டும். எந்த ஊர், எந்தச் சந்தி, எப்படி நடந்தது, யாருடைய பிழை என்று. தமிழிலும் சொல்லட்டும். எழுதி வைத்ததைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற தமிழ் வேண்டாம், வவுணதீவில் செத்த அந்தப் பையனின் அம்மாவுக்கு விளங்குகிற தமிழ்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பொலிஸைப் பற்றியா எழுதுகிறாய்?" என்று பயந்துபோய்க் கேட்டார். நல்லூர் சார்ஜன்டைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்திருக்கும், என்ன?" என்றார்.