வயரை வாங்கி அடுக்கலாமா?

"காப்பர் விலை ஏறிக்கிட்டே போகுது, இப்பவே பத்துப் பதினைந்து காயில் வயர் வாங்கிப் போட்டுடலாமா?" வயரிங் வேலை செய்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. வீட்டில் வேலை இருந்தால், அதற்கு வேண்டிய வயரை இன்றே மொத்தமாக வாங்குங்கள். நாளைக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்று மட்டும் வாங்கி அடுக்காதீர்கள்.

விலை ஏறியிருப்பது உண்மைதான். 2020 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பு 5,000 டாலருக்கும் கீழே போனது. 2024 மே மாதம் 11,000 டாலரைத் தாண்டியது. மின்சாரக் கார், காற்றாலை, சோலார், டேட்டா சென்டர் என்று எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். புதிதாக ஒரு சுரங்கம் தோண்டி உலோகம் வெளியே வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். இருக்கிற சுரங்கமும் திடீரென்று நின்றுவிடும். பனாமாவில் அவ்வளவு பெரிய கோப்ரே பனாமா சுரங்கம் 2023 கடைசியில் மூடப்பட்டது.

ஆனால் 2011 பிப்ரவரியிலும் விலை 10,000 டாலரைத் தாண்டியது. அன்று வாங்கி வைத்தவர் 2016 ஜனவரியில் அதே செம்பு 4,500 டாலருக்கும் கீழே விழுந்ததைப் பார்த்திருப்பார். ஜப்பானின் சுமிடோமோ நிறுவனத்தில் செம்பு வணிகம் பார்த்த யசுவோ ஹமனாகா உலகச் செம்பு வணிகத்தில் பெரிய கை. பல ஆண்டுகள் செம்பை வாங்கிக் குவித்து விலையைத் தூக்கிப் பிடித்தவர். 1996-ல் எல்லாம் வெளியே வந்தபோது நிறுவனத்துக்கு 260 கோடி டாலர் நஷ்டம். அவராலேயே பிடித்து வைக்க முடியாத விலை இது.

சரி, விலை ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மி.மீ. வயர் 100 மீட்டர் காயிலில் எவ்வளவு செம்பு இருக்கும்? சுமார் இரண்டே கால் கிலோ. டன் 10,000 டாலர் என்றால் அந்தச் செம்பின் மதிப்பு 22 டாலர் சொச்சம். விலை 12,000 ஆனால் ஒரு காயிலுக்கு உங்களுக்குக் கூடுவது நாலரை டாலர். கடையில் நீங்கள் கொடுக்கும் பணமோ செம்புக்கு மட்டும் இல்லை. மேலுறை, தயாரிப்புக் கூலி, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. திரும்ப விற்கப் போனால் அதெல்லாம் வராது. பழைய உலோகம் எடுப்பவர் மேலுறையின் எடையையும் கழித்துக்கொள்வார். உறையை எரித்துச் செம்பை எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலுறையில் இருக்கும் பிவிசி எரிந்தால் டயாக்சின் உட்பட நச்சுப் புகை வரும்.

எனக்கு உண்மையான பயம் வேறு. விலை ஏறும்போதெல்லாம் போலி வயர் பெருகுகிறது. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. ஒரு வீட்டில் இப்படித்தான் வேலை தொடங்குவதற்கு ரொம்ப நாள் முன்பே மலிவாகக் கிடைத்தது என்று சுருள் சுருளாக வாங்கி வைத்திருந்தார்கள். நுனியைச் சுரண்டியதும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பில்லும் இல்லை, வாங்கி மாதங்கள் ஆகிவிட்டதால் கடையில் திரும்ப எடுக்கவும் இல்லை. அந்த வயரைச் சுவருக்குள் விட நான் சம்மதிக்கவில்லை. அதே தடிமன், அதே மின்னோட்டம் என்றால் செம்பைவிட அதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு உண்டாகும். இணைப்புகள் தளரும், கருகும்.

1960-களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் அமெரிக்காவில் செம்பு விலை ஏறியதால் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். 1972-க்கு முந்தைய அந்த வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு செம்பு வயர் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. அதனால்தான் அவசரப்பட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ வயரிங் வேலை வைத்திருப்பவர்கள் முதலில் வரைபடம் போட்டு, எந்தத் தடிமனில் எத்தனை மீட்டர் என்று கணக்கெடுங்கள். எர்த் வயரையும் சேர்த்து எண்ணுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பில்லோடு வாங்கி, அன்றைக்கே வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 2.5-ல் 100 மீட்டர் காயில் மேலுறையோடு சேர்த்தும் இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் அது முழுச் செம்பு இல்லை, அல்லது தடிமனில் ஏமாற்றியிருக்கிறார்கள். அப்புறம் வெயில் படாத, ஈரமில்லாத, எலி வராத இடத்தில் வையுங்கள். வேலை முடிந்து மிஞ்சும் துண்டுகளில் தடிமனை எழுதி ஒட்டி வைத்தால், அடுத்து வரும் எலக்ட்ரீசியனுக்கு உதவும்.