மாவோ 1976 வரை நாட்டின் தலைவரா?

மாவோ 1949 முதல் 1976-இல் இறக்கும்வரை சீனாவின் குடியரசுத் தலைவராக இருந்தார் என்று மேலே ஒரு பதிவு சொல்கிறது. அது சரியல்ல, நண்பரே. அவர் கடைசிவரை வகித்தது கட்சித் தலைவர் பதவி. நாட்டின் தலைவர் பதவி 1954 செப்டம்பரில் ஏற்பட்டது. 1959 ஏப்ரலில் அவர் அதிலிருந்து விலக, லியு ஷாவோச்சி வந்தார்.

குழப்பத்துக்குக் காரணம் சொல்தான். சீனத்தில் இரண்டு பதவிக்குமே 'சூஷி'. தமிழிலும் இரண்டையும் 'தலைவர்' என்றே எழுதிவிடுகிறோம். அதிகாரம் அவர் கையை விட்டுப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அது கட்சி, ராணுவ ஆணையம் வழியாக வந்த அதிகாரம். இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், கலாச்சாரப் புரட்சியில் வீழ்த்தப்பட்ட லியு அப்போது பதவியிலிருந்த நாட்டுத் தலைவர் என்பதே விளங்காது.

சரிபார்க்க, சீன அரசியல் சட்டங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1954 சட்டத்தின் 42-வது பிரிவு படைகளின் தலைமையை நாட்டுத் தலைவருக்குக் கொடுக்கிறது. 1975 சட்டத்தின் 15-வது பிரிவு அதையே கட்சி மத்தியக் குழுத் தலைவருக்குக் கொடுக்கிறது. நாட்டுத் தலைவர் என்ற பதவியே 1975 சட்டத்தில் இல்லை, மாவோ உயிரோடு இருந்தபோதே.