கரும்பும் ஜானகி அம்மாளும்: ஒரு திருத்தம்

தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றி, "ஜானகி அம்மாள் வந்த பிறகுதான் இந்தியக் கரும்பு இனித்தது, நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் லோடு அத்தனையும் அவர் புண்ணியம்" என்று எழுதியிருக்கீங்க அண்ணா. அது சரியில்லை. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் வெள்ளைக் கரும்போடு நாணலைக் கலந்து 1912-இல் உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு ரகம், 1918-லேயே வயலுக்கு வந்துவிட்டது. அம்மாள் அங்கே சேர்ந்ததே 1934-இல்தான்.

அவர் செய்தது வேறு. அதைத்தான் யாரும் பேசுவதில்லை, எனக்கு வருத்தமும் அதுதான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கரும்பு, நாணல் வகைகளின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளை, எண்ணி ஆராய்ந்தவர். கரும்பை மக்காச்சோளத்தோடே கலப்பினம் செய்து காட்டியவர். 1945-இல் ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பையே புத்தகமாகக் கொண்டுவந்தார்.

அந்த வரியை மட்டும் மாற்றிடுங்க அண்ணா. நம்ம கடலூர்ப் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்கு இதை அப்படியே எடுத்துக்குவாங்க.